கரையோரச் செய்தியும் கடல் கடந்த பயிற்சியும்: புத்தளக் கரையோர நிருபரை முன்னிறுத்திய சில குறிப்புகள்

1. எழுவாய் இல்லாத செய்தி

கற்பிட்டிக் கடற்பரப்பில் இந்தியாவிலிருந்து சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்ட பீடி இலைகள் கைப்பற்றப்பட்டன. சந்தேகத்தின் பேரில் இருவர் கைதுசெய்யப்பட்டனர். மேலதிக விசாரணைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன. நமது தமிழ்த் தினசரிகளின் வாசகருக்கு இவ்வகைச் செய்தி மிகவும் பழக்கமானது. எடை மாறும்; இடம் மாறும்; பீடி இலை இருந்த இடத்தில் ஒரு நாள் மஞ்சளும், இன்னொரு நாள் கேரளக் கஞ்சாவும், வேறொரு நாள் தங்கமும் வந்தமரும். வாக்கிய அமைப்பு மட்டும் மாறுவதில்லை.

இலக்கிய மாணவன் ஒருவன் இதனை ஒரு பனுவலாகக் கொண்டு வாசிப்பானாயின், அதன் வினைகள் அனைத்தும் செயப்பாட்டுவினையாக அமைந்திருத்தலை முதலிற் காண்பான். பொருள் 'கொண்டுவரப்பட்டது'. கொண்டுவரச் செய்தவர் யார், அதற்கு முதலீடு செய்தவர் யார், அது எந்தக் களஞ்சியத்தைச் சென்றடையவிருந்தது என்பனவற்றுக்கு அவ்வாக்கியத்தில் இலக்கண இடமே இல்லை. படகோட்டி மட்டும் பெயரோடும் வயதோடும் ஊரோடும் தோன்றுகிறான். ஆக, ஒரு நீண்ட பொருளாதாரச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மாத்திரமே செய்தியாகிறது. சங்கிலியைப் பிடித்திருக்கும் கை செய்திக்கு வெளியே நிற்கிறது.

பொறுப்புக்கூறல், திட்டமிட்ட குற்றச்செயல் என்பன பற்றி எழுதும் பத்திரிகையாளருக்கு வெளிநாடுகளிற் பல பயிற்சி வாய்ப்புகள் உள்ளன. அவற்றின் வரலாறு யாது, இன்று அவை எவ்வாறு அமைந்துள்ளன, அவற்றின் எல்லைகள் எவை என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாய்ப்புகளை மதிப்பிடுவதற்கு நாம் கொள்ளும் அளவுகோல் ஒன்றே. மேற்காட்டிய வாக்கியத்திற் காணாமற்போன எழுவாயைக் கண்டெழுதும் ஆற்றலைப் புத்தளக் கரையோர நிருபர் ஒருவருக்கு அப்பயிற்சி தருகிறதா, இல்லையா என்பதே அது.

2. கரையின் அரசியற் பொருளாதாரம்

தெற்கே மகா ஓயாவிலிருந்து வடக்கே வில்பத்துக் காட்டின் கரை வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையோரம், சிலாபம், முந்தல், புத்தளம் ஆகிய களப்புகளையும் கற்பிட்டிக் குடாநாட்டையும் உள்ளடக்கியது. மீன்பிடி, உப்பு, தென்னை என்பன அதன் பழைய தொழில்கள். 1980 களிலிருந்து கண்டற் காடுகளை அழித்துக்கொண்டு பரவிய இறால் வளர்ப்பும், சீமெந்து உற்பத்தியும், நுரைச்சோலை அனல் மின்நிலையமும் அதன் புதிய தொழில்கள். எதிர்க்கரையான தமிழகம் ஓரிரவுப் படகுப் பயணத் தூரத்தில் உள்ளது.

இக்கரையின் கடத்தலை ஒழுக்கக் கேடாக மாத்திரம் காணும் நோக்கு நமது பத்திரிகைகளில் வேரூன்றியுள்ளது. ஆயின் பொருட்களின் பட்டியலே வேறொரு விளக்கத்தைத் தருகிறது. பீடி இலை மத்திய இந்தியக் காடுகளில் விளைவது; அதன் மீது இலங்கையில் விதிக்கப்படும் இறக்குமதித் தீர்வையே அதனை இரவிற் பயணஞ் செய்ய வைக்கிறது. 2019 ஆம் ஆண்டின் பிற்பகுதியையொட்டி மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு அதன் விலை பல மடங்கு உயர்ந்ததும், சமையலறைப் பொருளான மஞ்சள் கடத்தற் பொருளாயிற்று. தங்கம் எதிர்த்திசையிற் செல்வது. இந்தியா தங்கத்தின் மீதான சுங்கத் தீர்வையை 2013 இல் 10 சதவீதமாக உயர்த்தியது. பின்னர் 15 சதவீதம் வரை சென்ற அத்தீர்வையை 2024 ஜூலையில் 6 சதவீதமாகக் குறைத்தது. இவ்வேற்ற இறக்கங்களைக் கடத்தல் முதலாளி கூர்ந்து கவனிக்கிறான், நிருபர் கவனிப்பதில்லை. கடத்தல் என்பது, அதன் சாரத்தில், இரு அரசுகளின் தீர்வைக் கொள்கைகளுக்கிடையிலான வேறுபாட்டை இலாபமாக மாற்றும் மூலதனச் செயற்பாடே எனலாம்.

அச்செயற்பாட்டில் ஆபத்து கீழ்நோக்கியும் இலாபம் மேல்நோக்கியும் நகர்கின்றன. முதலீடு செய்பவர் கடலுக்குப் போவதில்லை. கடலுக்குப் போகிறவனோ சம்மாட்டியிடமும் கடைக்காரரிடமும் கடன்பட்டவன். எரிபொருள் விலையேற்றம் அவனுடைய ஒரு நாட் தொழிலையே நட்டமாக்கிவிட வல்லது. 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துச் சிலாபத்தில் மீனவர் நடத்திய ஆர்ப்பாட்டத்தின்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டு மீனவர் ஒருவர் உயிரிழந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. விலைக் கொள்கைக்கும் கடத்தலுக்கும் துப்பாக்கிக்கும் இடையிலான உறவு இக்கரையில் ஏட்டுக் கோட்பாடன்று.

பொறுப்புக்கூறல் பற்றிய வினாக்களும் இதே கரையில் நிற்கின்றன. சீனக் கடனுதவியுடன் அமைக்கப்பட்டு 2011 இல் முதற் கட்டமும் 2014 இல் முழுமையும் இயங்கத் தொடங்கிய 900 மெகாவாட் நுரைச்சோலை நிலையத்தின் சாம்பலும் நிலக்கரித் தூசும் எங்கே போகின்றன? 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; கொழும்பின் குப்பைக்கு அறுவக்காடு தெரிவுசெய்யப்பட்டது எந்த அடிப்படையில்? அதனை எதிர்த்துப் புத்தளம் மக்கள் 2018 இல் நீண்ட சத்தியாக்கிரகம் இருந்தனர். கற்பிட்டித் தீவுகளின் நிலம் உல்லாசப் பயணத்துறையின் பெயரால் யார் யாருக்குக் குத்தகையாகிறது? 2021 இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்ரிக் மணிகள் இக்கரையிலும் ஒதுங்கின. அக்கப்பலின் உரிமையாளர் தரப்பு நூறு கோடி அமெரிக்க டொலர் செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. அக்கப்பல் சிங்கப்பூரிற் பதிவானது. இக்கரையில் ஒதுங்கிய ஒரு மணிக்கு உரிய ஆவணம் இன்னொரு நாட்டில் இருக்கிறது என்பதே, கடல் கடந்த பயிற்சி ஏன் வேண்டும் என்ற வினாவுக்கான முதல் விடையாகும்.

3. செய்தியை எழுதுபவர்

கற்பிட்டிக்கு ஒரு பத்திரிகை மரபு உண்டு. அங்கு 1807 இற் பிறந்த சைமன் காசிச்செட்டி, யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' தோன்றிய அதே 1841 இல் 'உதயாதித்தன்' என்னும் தமிழ் இதழை நடத்தியவர். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859 இல் ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. ஆனால் அவர் குடியேற்ற அரசின் உத்தியோகத்தர்; சிலாபத்தில் நீதிபதியாகப் பணியாற்றியவர். இக்கரையிற் பத்திரிகை எழுத்து அதிகாரத்துக்கு அருகிலேயே பிறந்தது எனக் கூறுவது பொருந்தும்.

இன்றைய பிரதேச நிருபர் அதிகாரத்துக்கு அருகில் இருப்பவரல்லர். எனினும் அதிகாரத்தையே நம்பிச் செய்தி சேகரிக்க வேண்டியவர். பெரும்பாலும் அவர் மாத வேதனம் பெறுவதில்லை. பிரசுரமாகும் செய்திக்கேற்பக் கொடுப்பனவு பெறுகிறார். ஆசிரியராகவோ சிறு வியாபாரியாகவோ வேறு தொழில் செய்தே பலர் வாழ்கின்றனர். மூன்று மாதம் தேடி எழுதிய ஒரு கட்டுரைக்கும், பொலிஸ் நிலையத்திலிருந்து தொலைபேசியிற் பெற்ற மூன்று செய்திகளுக்கும் உள்ள ஊதிய வேறுபாடு அவருடைய எழுத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. முதலில் நாம் கண்ட செயப்பாட்டுவினைக்குப் பொருளாதார அடித்தளம் இதுவே. அது நிருபரின் திறமைக் குறைவினாற் பிறந்ததன்று. செய்தி உற்பத்தி உறவுகளினாற் பிறந்தது.

மொழியும் ஒரு தடையாகும். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையின்படி, தமிழ் நிருவாக மொழியாக உள்ள மாகாணப் பகுதிகளுக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களமாகும். எனவே புத்தளம் நீதவான் நீதிமன்றத்தின் வழக்கேடு, தமிழில் எழுதும் நிருபருக்கு மொழிபெயர்ப்பின் வழியாகவே கிட்டுகிறது. ஒரு வழக்கு எத்தனை முறை ஒத்திவைக்கப்பட்டது, எவர் பிணையிற் சென்றார், எவர் எதிரியாகச் சேர்க்கப்படவே இல்லை என்பனவெல்லாம் அவ்வேட்டில் உள்ளன. கைது செய்தியாகிறது, வழக்கின் முடிவு செய்தியாவதில்லை.

இதன் விளைவு எத்தகையது என்பதற்கு வண்ணாத்திவில்லு சான்று. 2019 ஜனவரியில் அங்குள்ள தென்னந்தோட்டமொன்றிற் பெருந்தொகை வெடிபொருள் கைப்பற்றப்பட்டு நால்வர் கைதாயினர். அதுவும் ஒரு கைப்பற்றற் செய்தியாகவே வந்து போயிற்று. மூன்று மாதங்களின் பின், ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களில் 260 க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அத்தோட்டத்தின் பின்னால் இருந்தவர்களைத் தொடர்ந்து தேடும் கடமை பாதுகாப்புத் துறையினருடையது. அதிற் பத்திரிகையின் மீது பழி சுமத்துதல் நேர்மையாகாது. ஆயினும் எழுவாயைத் தேடாத செய்தி வடிவம் எத்துணை விலை கொண்டது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தேடல் இல்லாத இடத்தை வதந்தி நிரப்பியது. அதே ஆண்டு மே மாதத்தில் சிலாபத்தில் தொடங்கி மாவட்டத்தின் பிற ஊர்களிலும் முஸ்லிம் மக்கள்மீது வன்செயல்கள் அவிழ்த்துவிடப்பட்டன. எழுவாய் தெரியாதபோது ஒரு சமூகம் முழுவதுமே எழுவாயாக்கப்படுகிறது.

4. பயிற்சியின் வரலாறு: இரு முகாம்கள்

மூன்றாம் உலகப் பத்திரிகையாளரைப் பயிற்றுதல் பனிப்போரின் களங்களுள் ஒன்றாகவே தொடங்கியது. பத்திரிகை அதிபர் றோய் தொம்சன் 1962 இல் பிரித்தானியாவில் நிறுவிய தொம்சன் மன்றம், புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் செய்தியாளருக்குத் தொழில்நுட்பம் கற்பித்தது. மறுபுறத்தே, கிழக்கு ஜேர்மனியின் பத்திரிகையாளர் சங்கம் 1963 இல் கிழக்கு பெர்லினில் தனது ஒருமைப்பாட்டுப் பள்ளியைத் தொடக்கி, ஆசிய, ஆபிரிக்க நாடுகளிலிருந்து மாணவரை அழைத்தது. ஆசியாவுக்குள்ளேயே 1967 இல் மணிலாவில் ஆசியப் பத்திரிகை மன்றம் தோன்றியது. அதன் உருவாக்கத்தில் முன்னின்றவர் 1958 இன் இனக்கலவரம் பற்றிய நூலினால் அறியப்பட்ட இலங்கையரான தார்சி வித்தாச்சி என்பது குறிப்பிடத்தக்கது.

1976 ஓகஸ்டில் கொழும்பிற் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு அந்நாடுகளின் செய்தி முகவர் நிலையக் கூட்டமைப்பினை ஏற்றுக்கொண்டது. யுனெஸ்கோவின் மக்பிறைட் ஆணைக்குழு 1980 இல் தனது அறிக்கையை வெளியிட்டு, உலகச் செய்தி ஓட்டத்தின் ஏற்றத்தாழ்வை எடுத்துரைத்தது. ஏகாதிபத்தியச் செய்தி ஆதிக்கத்துக்கெதிரான அக்குரல் நியாயமானது. இன்றும் அதன் நியாயம் குன்றவில்லை.

எனினும் அன்றைய பயிற்சிகளின் குறைபாட்டை மறைத்தல் நமக்கு உதவாது. மேற்கின் பயிற்சி 'எவ்வாறு எழுதுவது' என்பதைக் கற்பித்தது. சமூகத்தில் எவர் எவரைச் சுரண்டுகின்றார் என்ற வினாவை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியது. கிழக்கின் பயிற்சி வர்க்கத்தைக் கற்பித்தது. ஆனால் தனது அரசின் கணக்கேட்டைத் திறந்து பார்க்கக் கற்பிக்கவில்லை. அபிவிருத்திப் பத்திரிகைத்துறை என்ற பெயரில் வந்ததோ, பல நாடுகளில் அமைச்சரின் அடிக்கல் நாட்டு விழாவைப் புகழும் எழுத்தாகச் சுருங்கியது.

திட்டமிட்ட குற்றம் பற்றிய எழுத்தின் உண்மையான பாடங்கள் வகுப்பறைகளிற் பிறந்தவையல்ல. இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியின் சார்புடைய பலேர்மோ நாளேடான 'லோரா', 1958 இல் மாபியாவைப் பெயர் சுட்டி எழுதியது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அதன் அச்சகத்தில் குண்டு வெடித்தது. பின்வந்த ஆண்டுகளில் அவ்வேட்டின் செய்தியாளர் மூவர் உயிரிழந்தனர். அதே சிசிலியின் கடற்கரை ஊரான சினிசியில், மாபியாக் குடும்பமொன்றிற் பிறந்த இடதுசாரி இளைஞர் பெப்பினோ இம்பஸ்தாத்தோ, ஊர் வானொலியொன்றில் உள்ளூர்ப் போதைப்பொருள் முதலாளியைப் பெயர் சொல்லி எள்ளினார். 1978 மே 9 அன்று கொல்லப்பட்ட அவரது மரணம் முதலிற் பயங்கரவாத முயற்சியாகவும் தற்கொலையாகவும் காட்டப்பட்டது; 24 ஆண்டுகளின் பின், 2002 இலேயே அம்முதலாளி குற்றவாளியாகக் காணப்பட்டார். அமெரிக்காவின் அரிசோனாவில் 1976 இல் டொன் போல்ஸ் என்ற நிருபர் கார்க் குண்டினாற் கொல்லப்பட்டபோது, பல ஏடுகளின் நிருபர்கள் அங்கு திரண்டு அவர் விட்ட இடத்திலிருந்து தேடலைத் தொடர்ந்தனர். தனியொருவரைக் கொன்றால் செய்தி சாகும். கூட்டாக எழுதினால் சாகாது என்ற நெறி அங்கிருந்தே இன்றைய கூட்டுப் புலனாய்வு முறைக்கு வந்து சேர்ந்தது.

மூன்றாம் உலகத்தின் பங்களிப்பும் குறைவன்று. மார்க்கோஸ் ஆட்சி வீழ்ந்த பின்னர் 1989 இல் மணிலாவில் நிறுவப்பட்ட பிலிப்பைன்ஸ் புலனாய்வுப் பத்திரிகைத்துறை நிலையம், 2000 ஆம் ஆண்டில் ஜனாதிபதி எஸ்ட்ராடாவின் மாளிகைகளையும் கம்பனிகளையும் பதிவேடுகளின் துணைகொண்டு வெளிக்கொணர்ந்தது. 2001 ஜனவரியில் அவரது ஆட்சி மக்கள் எழுச்சியினால் வீழ்ந்தது. இரகசிய ஒற்றர் எவரும் அங்கு தேவைப்படவில்லை. காணிப் பதிவேடும் கம்பனிப் பதிவேடும் போதியனவாயின.

5. இன்றைய வாய்ப்புகள்

இன்றுள்ள வாய்ப்புகளை நான்கு வகையாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, நீண்டகாலப் புலமைப்பரிசில்கள். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் 1938 இல் தொடங்கிய நீமன் புலமைப்பரிசில் ஒரு கல்வியாண்டு நீடிப்பது. ஒக்ஸ்போர்ட்டின் றொய்ட்டர்ஸ் நிறுவகத்தின் புலமைப்பரிசில் சில பருவங்களுக்குரியது. அதன் மரபு 1983 இலிருந்து வருவது. நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 2006 இல் அமைந்த ஸ்டாபில் நிலையம் புலனாய்வு எழுத்தைப் பட்டமேற்படிப்பாகக் கற்பிப்பது. அதனைத் தொடக்கத்தில் நெறிப்படுத்தியவர் மணிலா நிலையத்தை நிறுவியோருள் ஒருவரான ஷீலா கொரொனெல்.

இரண்டாவது, குறுகியகாலப் பயிற்சிகள். தென்னாசியப் பத்திரிகையாளருக்கெனப் பிரித்தானிய அரசின் செவனிங் திட்டம் வெஸ்ற்மினிஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடத்திவந்த சில வாரப் பயிற்சியும், இலண்டன் புலனாய்வுப் பத்திரிகைத்துறை நிலையத்தின் கோடைகாலப் பள்ளியும் இவ்வகையின. ஆவணத் தேடல், நிதியறிக்கை வாசிப்பு, தகவல் தருவோரைப் பாதுகாத்தல் ஆகியன இங்கு முதன்மை பெறும்.

மூன்றாவது, கூட்டு வலையமைப்புகள். 2001 இல் கோபன்ஹேகனிற் கூடிய மாநாட்டிலிருந்து வளர்ந்த உலகப் புலனாய்வுப் பத்திரிகையாளர் வலையமைப்பு, ஆசிய மாநாடுகளை மணிலா (2014), காத்மண்டு (2016), சியோல் (2018) ஆகிய நகரங்களில் நடத்தியது. 2025 நவம்பரில் அதன் உலக மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. வளர்முக நாட்டினர் பங்குபற்ற இம்மாநாடுகள் உதவித்தொகை வழங்கிவந்துள்ளன. 2006 இல் சரயேவோவில் உருவான திட்டமிட்ட குற்றம், ஊழல் ஆகியன பற்றிய செய்தியறிக்கைத் திட்டமும், 1997 இல் உருவான சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பும் பல நாட்டு நிருபரை ஒரே தேடலில் இணைப்பவை. பின்னையது 2021 ஒக்ரோபரில் வெளியிட்ட பண்டோரா ஆவணங்களில் இலங்கையின் முன்னாட் பிரதியமைச்சர் ஒருவரினதும் அவரது கணவரினதும் கடல்கடந்த கம்பனிகள் வெளிப்பட்டன. அக்கூட்டமைப்பின் கம்பனித் தரவுத்தளத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

நான்காவது, அண்டை நாட்டுக் கல்வி. சென்னையின் ஆசியப் பத்திரிகைத்துறைக் கல்லூரி தென்னாசிய மாணவரையும் சேர்த்துவந்துள்ளது. 1965 இல் நிறுவப்பட்ட புதுடில்லி இந்திய வெகுசனத் தொடர்பு நிறுவகம் வளர்முக நாட்டுப் பத்திரிகையாளருக்கெனக் கற்கைநெறி நடத்திவந்துள்ளது. கடல் கடவாத ஒரு வாய்ப்பையும் இங்கு சேர்த்துக் கூற வேண்டும்: 2004 இல் கொழும்பில் அமைந்த பத்திரிகை நிறுவகத்தின் கல்லூரி மும்மொழிகளிலும் கற்பித்துவந்துள்ளது.

6. எல்லைகள்

இவ்வாய்ப்புகளைப் பயன்படுத்துதல் வேண்டும். ஆனால் அவற்றின் எல்லைகளை அறிந்தே பயன்படுத்துதல் வேண்டும்.

முதல் எல்லை வர்க்கஞ் சார்ந்தது. இவற்றிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் விண்ணப்பத்தையும், பல்லாண்டு அலுவலக அனுபவத்தையும், நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதத்தையும் வேண்டுவன. கொழும்பின் ஆங்கில ஏட்டில் நிரந்தரப் பதவி வகிப்பவருக்கு இவை இயல்பாகக் கிட்டுவன. உடப்பிலிருந்தோ ஆலங்குடாவிலிருந்தோ செய்திக்குக் கொடுப்பனவு பெற்று எழுதுபவரிடம் இம்மூன்றும் இல்லை. கடத்தற் படகைக் கரையில் நின்று காண்பவர் வேறு. கடத்தல் பற்றிய பயிற்சிக்குச் செல்பவர் வேறு.

இரண்டாவது எல்லை நிதி. செய்தியறிக்கைத் திட்டத்தின் மிகப் பெரிய நிதியாளர் ஐக்கிய அமெரிக்க அரசே என்பதை 2024 டிசெம்பரில் ஐரோப்பிய ஏடுகள் சில சுட்டிக்காட்டின. தனது ஆசிரியபீடச் சுதந்திரத்தை அது பாதிக்கவில்லை என அவ்வமைப்புக் கூறியது. அடுத்த சில வாரங்களிலேயே, 2025 இன் தொடக்கத்தில், அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டபோது, அவ்வமைப்பு உட்பட உலகின் பல புலனாய்வு அமைப்புகள் ஆட்குறைப்புக்கு உள்ளாயின. இரு நிகழ்வுகளையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும். வல்லரசின் பணத்தில் நிற்கும் விசாரணை அவ்வல்லரசின் விருப்பினால் முடிந்துபோகவுங் கூடும். அதனாற் கற்ற முறையியல் பொய்யாகிவிடாது. பணம் போனாலும் முறையியல் கற்றவரிடமே தங்கும். ஆகவே அதனைக் கற்றுத் தமிழிற் பரப்புதல் அவசரப் பணியாகிறது.

மூன்றாவது எல்லை நமது நாட்டுக்குரியது, மிகக் கசப்பானது. இங்கு வெளிநாட்டுப் புலமைப்பரிசில் பல வேளைகளில் அடைக்கலத்தின் மறுபெயராகவே இருந்துள்ளது. மயில்வாகனம் நிமலராஜன் 2000 இல் யாழ்ப்பாணத்திலும், தர்மரத்தினம் சிவராம் 2005 இல் கொழும்பிலும், கடற்கரையிற் கொல்லப்பட்ட மாணவரின் உண்மையைப் படங்களால் நிறுவிய சுகிர்தராஜன் 2006 இல் திருகோணமலையிலும், லசந்த விக்கிரமதுங்க 2009 இல் கொழும்பின் புறநகரிலும் கொல்லப்பட்டனர். பிரகீத் எக்னெலிகொட 2010 இற் காணாமலாக்கப்பட்டார். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ், எழுதியமைக்காக, 2009 இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற ஜெ. எஸ். திஸ்ஸநாயகம், விடுதலையின் பின் நாட்டைவிட்டு வெளியேறி நீமன் புலமையாளராகச் சென்றார். உயிரைக் காத்த அவ்வாய்ப்புகளுக்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் பயிற்சி என்பது புறப்பாடாக முடியும்போது கரையில் எஞ்சுவது பழைய செயப்பாட்டுவினை வாக்கியமே.

7. செய்யத்தக்கவை

அங்ஙனமாயின் புத்தளக் கரையோர நிருபர் கற்க வேண்டியவை எவை? சுங்கத் தீர்வை அட்டவணையை வாசித்தல். கம்பனிப் பதிவாளரிடமும் காணிப் பதிவகத்திலும் தேடுதல். சூழல் தாக்க மதிப்பீட்டறிக்கையை அதன் பின்னிணைப்பு வரை படித்தல். வழக்கொன்றைக் கைது முதல் தீர்ப்பு வரை தொடர்தல். இவற்றுக்கான சட்டக் கருவிகள் நம்மிடம் உள்ளன. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழில் விண்ணப்பிக்கும் உரிமை அதிலுண்டு. 2023 ஆம் ஆண்டின் ஊழலுக்கு எதிரான சட்டம் சொத்துப் பிரகடனங்களைப் பொதுப் பார்வைக்குக் கொணர வழிசெய்தது. வெளிநாட்டுப் பயிற்சியிலிருந்து கொண்டுவர வேண்டியது இக்கருவிகளைப் பயன்படுத்தும் முறையும், கூட்டாக எழுதும் பழக்கமுமே.

சொல் பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். 'புலனாய்வு' என்ற சொல் நமது மக்களின் செவியில் முதலில் உணர்த்துவது அரசின் உளவுப் பிரிவையே. அச்சொல்லோடு வாடிக்குட் செல்லும் நிருபருக்கு எந்த மீனவனும் வாய் திறக்கமாட்டான். மக்களிடம் தாம் யாருக்காகத் தேடுகிறார் என்பதைத் தெளிவாக்குவது பயிற்சியின் முதற் பாடமாதல் வேண்டும்.

மிக அண்மையிலுள்ள வெளிநாடு இராமேஸ்வரமும் தூத்துக்குடியும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கடத்தல் வணிகம் நீரிணையின் இருபுறமும் தமிழிலேயே பேசி முடிக்கப்படுகிறது. அதைப் பற்றிய பத்திரிகை எழுத்து மாத்திரம் நீரிணையாற் பிளவுண்டு கிடக்கிறது. அக்கரையிற் பொருள் ஏற்றப்பட்ட செய்தியும் இக்கரையிற் கைப்பற்றப்பட்ட செய்தியும் ஒரே மொழியில் எழுதப்பட்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. இரு கரைத் தமிழ் நிருபரும் தம் ஆவணங்களைச் சேர்த்து வாசிக்கும் ஒரு பயிற்சி முகாம், ஒக்ஸ்போர்ட்டிற் கழிக்கும் ஒரு பருவத்தைவிட இக்கரைக்குக் கூடுதலாகப் பயன்படக்கூடும்.

இங்கேதான் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பு வருகிறது. புலனாய்வுக் கைந்நூல்களைத் தமிழாக்குதல், சிங்கள நீதிமன்ற ஆவணங்களை வாசிக்க நிருபருக்கு உதவுதல், விண்ணப்பங்களை ஆங்கிலத்தில் எழுதத் துணைநிற்றல் என்பன நம்மால் இயலாதனவல்ல. பழம் பனுவல்களிற் பாடபேதம் தேடப் பழகிய நமக்கு, ஒரு குத்தகைப் பத்திரத்தின் இரு பிரதிகளை ஒப்புநோக்குதல் அரிதாகாது. அவ்வுழைப்பு இடம்பெறுமாயின், கற்பிட்டியிலிருந்து வரும் செய்தியில் ஒரு நாள் செய்வினை வாக்கியம் ஒன்று இடம்பெறும்: இன்னார் இப்பொருளைக் கொண்டுவரச் செய்தார் என்று. படகோட்டி அப்போதும் அச்செய்தியில் இருப்பான். ஆனால் தனியனாக இருக்கமாட்டான்.